கத்திரி வெயிலில் மூச்சு வாங்கும் ஏர் கம்ப்ரசர்கள்: லைன் நிற்காமல் இருக்க என்ன செய்யணும்?

வல்லக்கோட்டை, மே 6-

அக்னி நட்சத்திரம் தொடங்கி விட்டது. வெயிலில் மனிதர்கள் மட்டும் வாடவில்லை. வல்லக்கோட்டையை சுற்றி உள்ள தொழிற்சாலைகளில் ஓடும் ஏர் கம்ப்ரசர்களும் மூச்சு வாங்குகின்றன.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. வல்லம் வடகால் பக்கமும் கம்பெனிகள் வந்தன. இவற்றுக்கு பாகம் செய்து கொடுக்கும் சின்ன பட்டறைகளும் பெருகின.

பெரிய கம்பெனியோ, தகர ஷெட்டோ, காற்று இல்லாமல் வேலை நகராது. போல்ட்டு முடுக்குவது, பெயிண்ட் அடிப்பது, மெஷினில் ஜாப்பை பிடிப்பது எல்லாமே காற்றில்தான். கம்ப்ரசர் நின்றால் லைன் நின்றது. லைன் நின்றால் முதலாளிக்கு டெலிவரி போகும், ஒப்பந்த தொழிலாளிக்கு அன்றைய கூலியே போகும் நிலையும் வரும்.

வெயிலில் ஏன் நிற்கிறது?

சைக்கிளுக்கு காற்று அடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தை தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடு வரும். கம்ப்ரசரிலும் அதே கதைதான்.

இப்போது பரவலாக இருப்பது ஸ்குரூ கம்ப்ரசர். அதில் ஆயில்தான் சூட்டை இழுத்து கூலருக்கு கொண்டு போகிறது. நல்ல நிலையில் உள்ள மெஷினில் வெளிவரும் காற்றின் சூடு சுமார் 75 முதல் 95 டிகிரி செல்சியஸ் இருக்கும். 105, 110 டிகிரியை தொட்டால் மெஷின் தானாக டிரிப் ஆகி விடும்.

காற்றால் குளிரும் மெஷின்களை பொதுவாக 40 முதல் 45 டிகிரி வரை உள்ள அறைக்குத்தான் தயாரிக்கிறார்கள். சென்னையில் 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி வெயிலே 45 டிகிரியை (113 பாரன்ஹீட்) தொட்டது. வெளியிலேயே இப்படி என்றால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கம்ப்ரசர் ரூம் எப்படி கொதிக்கும்? அறை 10 டிகிரி கூடினால் மெஷின் சூடும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். அதோடு கூலரில் ரோட்டு தூசி அப்பிக் கிடந்தால் மத்தியானம் 2 மணிக்கு டிரிப் நிச்சயம்.

சூடு கூடினால் ஆயிலும் சீக்கிரம் கெட்டுப் போகும். 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாக குறையும் என்பது மெக்கானிக்குகள் கணக்கு. கரண்டு பில்லும் ஏறும். உள்ளே இழுக்கும் காற்று 4 டிகிரி கூடினால் மின்செலவு சுமார் 1 சதவீதம் கூடும்.

காற்றோடு தண்ணீர்

டிரிப் ஆவது கண்ணுக்கு தெரியும் தொல்லை. தெரியாத தொல்லை தண்ணீர். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஈரத்தை தாங்கும். 40 டிகிரியில் 51 கிராம். லைனில் போய் காற்று ஆறும்போது, மோர் சொம்பில் வியர்ப்பது போல அந்த ஈரம் தண்ணீராக மாறும்.

இதை பிடிக்கத்தான் டிரையர் இருக்கிறது. ஆனால் டிரையர்களின் அளவை பெரும்பாலும் 35 டிகிரி காற்றுக்கு கணக்கிட்டு சொல்கிறார்கள். 50 டிகிரியில் காற்றை அனுப்பினால் அதன் திறன் பாதிக்கு அருகில் இறங்கி விடும். அப்புறம் பெயிண்டில் கொப்புளம் வரும், சிலிண்டரில் துரு பிடிக்கும், டூல் மக்கர் செய்யும். பழி கடைசியில் ஆபரேட்டர் தலையில் விழும்.

செய்ய வேண்டியவை

* மெஷினை நிறுத்தி, மெயினை ஆப் செய்த பிறகு கூலரை சுத்தம் செய்யணும். தூசி புகுந்த பக்கம் எதுவோ, அதற்கு எதிர்ப்பக்கம் இருந்து ஊதணும். தகடு வளையும் அளவுக்கு வேகமாக தண்ணீர் அடிக்கக் கூடாது.

* சூடான காற்றை டக்ட் போட்டு வெளியே தள்ளணும். அது திரும்பி அறைக்குள் வந்தால் எத்தனை பேன் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

* இழுக்கும் காற்றை நிழல் பக்கமாக எடுக்கணும். ஏர் பில்டரை வெயில் காலத்தில் அடிக்கடி பார்க்கணும்.

* ரிசீவர் டேங்க் நிழலில் இருக்கணும். ஷிப்டுக்கு ஒரு முறையாவது அடி வால்வை திறந்து தண்ணீரை வெளியேற்றணும். ஆட்டோ டிரெயின் இருந்தாலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கணும்.

* கூலிங் டவர் உள்ள இடத்தில் தண்ணீரை கவனிக்கணும். போர் தண்ணீர் உப்பு குழாயில் படிந்தால் சூடு இறங்காது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டது ஞாபகம் இருக்கட்டும். மாற்று ஏற்பாடு முன்கூட்டியே வேணும்.

* சாப்பாட்டு நேரத்தில் சத்தம் அடங்கியதும் கசிவை தேடணும். சோப்பு தண்ணீர் போதும். 7 கிலோ பிரஷரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை மணிக்கு சுமார் 3 யூனிட் கரண்டை குடிக்கும். ஒரு நாளைக்கு 72 யூனிட்!

* தேவைக்கு மேல் பிரஷர் வைக்காதீர்கள். 1 கிலோ குறைத்தால் மின்செலவு 6, 7 சதவீதம் குறையும், சூடும் குறையும்.

உயிருக்கு உலை

அவசர ஆர்டர் என்று சொல்லி, டிரிப் ஆகும் சுவிட்சை ஒயர் போட்டு பைபாஸ் செய்வது பெரிய ஆபத்து. சூடேறிய ஆயில் தீப்பிடித்தால் மெஷினோடு ஷெட்டும் போகும். டேங்கின் சேப்டி வால்வை அடைத்து வைப்பதும் அப்படித்தான். மேலதிகாரியே சொன்னாலும் இதை செய்யக் கூடாது.

இன்னொன்று. வேர்க்கிறது என்று ஏர் கன்னை சட்டைக்குள் விட்டு ஊதுகிறோம். அது விசிறி இல்லை. கண், காது பறிபோகும், தோலில் காயம் இருந்தால் காற்று உள்ளே ஏறும். 2024 மார்ச்சில் பெங்களூருவில் ஒரு வாகன சர்வீஸ் கடையில், நண்பர் விளையாட்டாக பின்பக்கம் காற்றுக் குழாயை வைத்ததில் ஒரு வாலிபர் குடல் பாதித்து இறந்தார். விளையாட்டுக்கு கூட வேண்டாம்.

கத்திரி முடிய இன்னும் 3 வாரத்துக்கு மேல் இருக்கிறது. கூலர் சுத்தம் செய்ய ஒரு மெஷினுக்கு சில மணி நேரம் போதும். வருகிற ஞாயிறு லைன் ஓடாத நேரத்தில் அதை முடித்து விட்டால், மத்தியான ஷிப்டு தொழிலாளி வேலை இல்லாமல் வீட்டுக்கு பஸ் ஏற வேண்டியது இருக்காது.