ஸ்டியரிங் ஆடினால் எந்தப் புஷ்?

2001இல் சுரங்கம் மூடியபின் நம் தங்கவயலில் பழைய பிக்கப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. டாடா 407 போல ஒற்றை முன் அச்சுள்ள வண்டியில் ஸ்டியரிங் ஆடினால், உடனே கிங்பின் புஷ் வாங்க ஓடாதீர்கள். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங் தளர்ச்சி, நிற்காவிட்டால் கிங்பின்.

வெண்கலப் புஷ் என்றால் அழுத்தி ஏற்றியபின் ரீமர் போட்டே ஆகவேண்டும். உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தும் பட்டறைப் பக்கமே போகாதீர்கள்! பின் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளுக்கு நேராக இருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். விலகினால் கிரீஸ் இறங்காது, புதுப் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடும்.