பெயிண்டை உரித்த சைக்கிள்

பழைய சைக்கிள் பிரேமின் பெயிண்டை முழுவதும் உரித்துவிட்டு, வெறும் உலோகம் பளபளக்க ஓட்டவேண்டும் என்ற ஆசை இளைஞர் சிலருக்கு உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். எத்தனை நாளைக்கு? பிரேமில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்.

அலுமினியமானால் கவலை குறைவு. காற்றுப் பட்டவுடனேயே அதன்மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானே உண்டாகிவிடுகிறது. தடிமன் சில நானோமீட்டர்களே. ஆயினும் உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்வதால் ஆக்சிஜன் மேலும் உள்ளே புக முடிவதில்லை. எஃகின் துரு அப்படிப்பட்டதன்று. அழிந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அது அடைக்கிறது. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கிறது.

"நிறமற்ற வார்னிஷை அடித்துவிட்டால் போயிற்று!" என்பீர்கள். சிக்கலே இங்குதான். கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து விளக்கிய ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். உப்பு நீரில் சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடும் சில சொட்டு பினால்ப்தலீனும் கலந்து, தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி விடுங்கள். (பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும், ஆசிரியரைக் கேளுங்கள்.) சற்று நேரத்தில் துளியின் நடுவில் நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும்.

விளிம்பில் நீர் மெல்லியது. காற்றின் ஆக்சிஜன் எளிதில் இரும்பை எட்டி, எலெக்ட்ரான்களை ஏற்று, ஹைடிராக்சில் அயனியாகிறது. சிவப்பு அதன் அடையாளம். எலெக்ட்ரான்களைக் கொடுப்பது எது? ஆக்சிஜன் சரியாக எட்டாத நடுப்பகுதி! அங்கே இரும்பு அயனியாகிக் கரைவதையே நீலம் காட்டுகிறது. ஆக்சிஜன் மிகுந்த இடந்தான் அரிக்கப்படும் என்று எண்ணுவோம். உண்மையில் அரிக்கப்படுவது அது குறைந்த இடம்.

இனி வார்னிஷுக்கு வருவோம். ஒரு சிறு கீறல் போதும். ஈரம் படலத்தின் அடியில் பரவும். அங்கே ஆக்சிஜன் குறைவு; ஆகவே இரும்பு அங்கேதான் கரையும். புழு ஊர்ந்த தடம்போல் துருக்கோடுகள் வார்னிஷுக்கடியில் நெளிந்தோடும். துடைக்கவும் முடியாது. தொழிற்சாலையில் பெயிண்டுக்கு முன் எஃகின்மேல் பாஸ்பேட் பூச்சு ஏற்றுவது, பெயிண்ட் இறுகப் பற்றவும் இந்தப் பரவலைத் தடுக்கவுமே. ஆனால் அப்பூச்சு மங்கிய சாம்பல் நிறமுடையது. பளபளப்பு வேண்டுமென்பவர் அதையும் சேர்த்தே உரித்துவிடுகிறார்.

கடற்கரை ஊர்க்காரர்களும், வியர்வை சொட்ட ஓட்டுபவர்களும் இந்த ஆசையை விடுவதே நல்லது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மழை வேண்டியதில்லை. வீட்டுக்குள் நிற்கும் வண்டியானால், வார்னிஷைவிட மெழுகையோ எண்ணெயையோ மெல்லத் தடவி அடிக்கடி புதுப்பிப்பது மேல் என்பேன். துரு தலைகாட்டினால் உடனே தேய்த்தெடுக்கலாமே!

உரிக்கும்போதும் கவனம் வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசல் எஃகை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தையோ ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பக் கரைத்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அதைத் தொடவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். எமரித்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். எடை குறைந்த பந்தய சைக்கிள்களில் குழாயின் நடுப்பகுதிச் சுவர் அரை மில்லிமீட்டரளவே இருப்பதுண்டு.