ஆக்சிஜன் அறைக்குப் போகும் முன்

முதுகெலும்பில் கிருமி குடியேறிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. சீழ் பிடித்த எலும்பிலும் ரத்த ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் வற்றிவிடுகிறது. விழுங்கிய கிருமியைக் கொல்ல வெள்ளணுக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஜென்டாமைசின் வகை மருந்துகளும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கிருமிக்குள் நுழையத் திணறும். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையைப் பரிந்துரைப்பவர்களின் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மூடிய அறையில், இயல்பான காற்றழுத்தத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில் நோயாளி தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். ஒரு தடவைக்கு 90 முதல் 120 நிமிடம். பெரும்பாலும் 20 முதல் 40 தடவை. ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் மிகுதியாகக் கரைந்து, ரத்த ஓட்டம் மெலிந்த இடத்தையும் எட்டுகிறது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் நோயாளியிடம் பலிப்பதில்லை. கதிர்வீச்சு பெற்ற தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க இதே சிகிச்சையைப் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். பிரிட்டனை மையமாகக் கொண்ட ஒரு ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: அறைக்குள் போனவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், போகாதவர்களில் 5.7 சதவீதம் பேருக்கும் எலும்பு செத்திருந்தது. முதுகெலும்புத் தொற்றுக்கோ, சிகிச்சை பெற்ற சிலரின் விவரத் தொகுப்புகளே பெரும்பாலும் கையில் உள்ளன. அவர்களுக்கு ஆன்டிபயாடிக்கும் அறுவையும் சேர்ந்தே நடந்ததால், குணமாக்கியது எது என்று பிரித்தறிய முடியாது. மாறாக, 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், சரியான ஆன்டிபயாடிக் ஆறு வாரம் கொடுத்ததிலேயே சுமார் 91 சதவீதம் பேர் குணமடைந்தார்கள். பன்னிரண்டு வாரம் கொடுத்தும் அதே அளவுதான்.

எல்லாம் தோற்றுப்போன நோயாளி ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். அமெரிக்காவின் கடலடி, உயர் அழுத்த மருத்துவச் சங்கம் தன் பட்டியலில், மற்ற சிகிச்சைக்கு மசியாத எலும்புத் தொற்றைச் சேர்த்திருப்பது இத்தகையவர்களுக்காகத்தான். அப்போதும் மருந்துக்கும் அறுவைக்கும் துணையாகவே. 'வெறும் ஆக்சிஜன்தானே, என்ன கெடுதல்?' என்பதை மட்டும் ஏற்க முடியாது. காதில் அழுத்தக் காயம் வரலாம், கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடலாம், அரிதாக வலிப்பும் வரும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது காலதாமதம். நம் நாட்டில் முதுகெலும்புத் தொற்றுக்குக் காசநோய் முக்கியக் காரணம். அதன் மருந்துகளே வேறு. எனவே எம்.ஆர்.ஐ.யும், ஊசியால் எடுத்த திசுவின் பரிசோதனையும் முதலில் நடக்க வேண்டும். கால் வலுவிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது அன்றே போய்ப் பார்க்க வேண்டியது முதுகெலும்பு அறுவை மருத்துவரை.