ஆயில் என்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

செஞ்சி வட்டத்தில் மேல்சித்தாமூர் பக்கத்து விவசாயிகளுக்குக் கிணறுதான் ஆதாரம். பல கிணறுகளில் மின் மோட்டார் வந்துவிட்டது. ஆயினும் மின் இணைப்பு கிடைக்காதவர்களும், மோட்டார் பழுதானால் மாற்று வழி வேண்டும் என்பவர்களும் 5 குதிரைத் திறன் டீசல் என்ஜினை இன்னும் வைத்திருக்கிறார்கள். மார்கழிப் பட்டத்தில் போட்ட மணிலா பூத்து விழுது இறங்கும் நேரத்தில் அந்த என்ஜின் புகை கக்கத் தொடங்கினால் என்ன செய்வது? பட்டறையில் கேட்டால், பெரும்பாலும் "முழுசாகப் பிரித்து லைனர், பிஸ்டன் மாற்றிவிடலாம்" என்பார்கள். அது சரியாகவும் இருக்கலாம், வீண் செலவாகவும் முடியலாம்.

புகையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கறும்புகை வந்தால் ஏர் கிளீனர் அடைப்பு, நாசில் கோளாறு, அதிக பளு இவற்றில் ஒன்றாக இருக்கும். காலையில் கிளப்பியதும் சிறிது வெண்புகை வருவது இயல்பு. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அதுவும் ரிங் தேய்ந்ததால்தான் என்று சொல்வதற்கில்லை. ஏர் கிளீனர் கிண்ணத்தில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் இப்படி வரும்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலும் கார் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. பந்தயக் கார் மெக்கானிக்குகள் என்ஜின் ஓடிய மணிக்கணக்கைக் குறித்து வைப்பார்கள். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்றும் சோதிப்பார்கள். ஓட்டத்தின் நடுவே என்ஜின் நின்றால் பந்தயமே போய்விடும் என்பதால், குறித்த மணி நேரம் ஆனதும் நன்றாக ஓடும் என்ஜினையும் பிரித்துவிடுவார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அவர்களுடைய சோதனை நமக்கும் பயன்படும்.

முதலில் கையால் பார்க்கலாம். டீகம்பிரஷன் லீவரை இறக்கிவிட்டு பிளைவீலை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல என்ஜின் எதிர்த்து நின்று, கையைப் பின்னுக்குத் தள்ளும். எதிர்ப்பின்றி நழுவிப் போனால் அழுத்தம் கசிகிறது. நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் விடுங்கள். நாசில் துளை திறந்திருக்கும்போதே இரண்டு சுற்று சுற்றி, பிறகு நாசிலை மாட்டி மறுபடி பாருங்கள். இப்போது எதிர்ப்பு கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கி லேப்பிங் செய்தால் போதும். பிஸ்டனைத் தொட வேண்டியதில்லை.

இன்னும் தெளிவு வேண்டுமானால் காற்றுச் சோதனைதான். பழைய நாசில் ஹோல்டரைக் கொண்டு லேத் பட்டறையில் ஓர் இணைப்பு செய்து, பஞ்சர் கடைக் கம்பிரஸரிலிருந்து காற்று விடலாம். அப்போது பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில், இரு வால்வும் மூடிய நிலையில் நிற்க வேண்டும். ஹேண்டிலைக் கழற்றி, பிளைவீலுக்கு முட்டுக் கொடுத்த பிறகே காற்றைத் திறக்க வேண்டும். இல்லையேல் பிளைவீல் சட்டென்று சுழன்று கையை ஒடித்துவிடும். பிரீதரில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு, குளிர்விக்கும் நீரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

எண்ணெய்க் கணக்கு ஒரு நோட்டில் இருப்பது நல்லது. நூறு லிட்டர் டீசலுக்கு ஒரு லிட்டருக்கு மேல் என்ஜின் எண்ணெய் ஊற்ற வேண்டி வந்தால், வெளிக்கசிவும் இல்லையென்றால், தேய்மானம் முற்றிவிட்டது. டீசல் செலவு முழுப் பளுவில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர். அது கூடினால் முதலில் நாசிலையும் பம்பையும் சந்தேகியுங்கள்.

பிரித்த பிறகும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ரிங்கை லைனரின் அடியில், தேயாத இடத்தில் நேராக வைத்து வாய் இடைவெளியை பீலர் கேஜால் அளக்கவும். பிறகு மேலே, தேய்ந்த இடத்தில் வைத்து அளக்கவும். இரண்டின் வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் லைனர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரியும். வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர் என்றால் லைனர் 0.2 மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது. அந்த நிலையில் வெறும் ரிங் மட்டும் மாற்றினால் ஒரு பட்டம்கூடத் தாங்காமல் போகலாம். இந்த அளவை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. கிராங்க் கேஸ் கதவைத் திறந்து, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம். மேல் கீழாக ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பயிர் வாடினாலும் அந்த என்ஜினை ஓட்டாதீர்கள். ராடு ஒடிந்து கிராங்க் கேஸைப் பிளந்தால் என்ஜினே மிஞ்சாது. வாடகைக்கு வேறு என்ஜின் வைத்தாவது தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம்.

ரிங் தேய்மானம் மட்டும் என்றால், கிளப்புவது சிரமமாகும் வரை, எண்ணெய் அளவைத் தினமும் பார்த்துக்கொண்டு பட்டத்தை ஓட்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறைப்பு நிற்கும்போது வேலையை வைத்துக்கொண்டால் பட்டறையிலும் அவசரம் இராது. புது லைனர் போட்டபின் முதல் இருபது, முப்பது மணி நேரம் பாதிப் பளுவில் ஓட்டி, அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.