கடலடிக் குழாயின் உறுதி

இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலின் வலிமையைச் சோதிக்கிறவர் சராசரியை மட்டும் குறித்துக்கொண்டு அமைவதில்லை. அளவுகள் எவ்வளவு கூடிக் குறைகின்றன என்பதையும் கணக்கிடுகிறார். ஏனெனில், நூல் தன் மிக நலிந்த இடத்திலேயே அறுகிறது. கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் கொணரும் குழாய்களின் பாதுகாப்பும் இவ்வுண்மையில் அடங்கியதே என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மும்பை ஹை எண்ணெய்க் களம். 1974-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அக்களத்திலிருந்து கரையிலுள்ள உரானுக்குக் கடலடிக் குழாய்கள் வருகின்றன. இத்தகைய குழாய் வெறும் எஃகு அன்று. எஃகின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு. அதன்மேல், குழாய் மிதந்தெழாதவாறு அழுத்தி வைக்கும் கான்கிரீட் உறை.

ஆழம் மிகுந்த கடலுக்கு இதுவும் போதாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் ஏறுகிறது. 2,000 மீட்டர் ஆழத்தில் அது 200 கிலோகிராம் ஆகிறது. அதைத் தாங்க, ஒன்றினுள் ஒன்றாக இரண்டு எஃகுக் குழாய்களை வைத்து, இடையே சிமெண்டுக் கலவையையோ பிளாஸ்டிக்கையோ நிரப்பும் முறையை ஆய்வாளர் வகுத்துள்ளனர். உதிரித் தாள்கள் எளிதில் வளையும். அவற்றையே பசையிட்டு ஒட்டினால் விறைத்த அட்டையாகும். அதுபோல, அடுக்குகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வரையில்தான் அவை ஒரே சுவராகும். பற்று விட்டால் வலிமை பெரிதும் குன்றும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரின் வடத்தில் ஒரு புரி அறுந்தாலும், மற்றப் புரிகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். நீண்ட குழாய்வழிக்கு அவ்வாய்ப்பு இல்லை. 12 மீட்டர்த் துண்டுகளை இணைத்து 200 கிலோமீட்டர் அமைத்தால், 16,600-க்கும் மேற்பட்ட பற்றவைப்புகள் வேண்டும். பதினாயிரத்தில் ஒன்றே பழுது என்றாலும், வழியில் ஒன்றோ இரண்டோ பழுதுகள் எதிர்பார்க்கத்தக்கவை. ஒன்று திறந்தாலே கசிவுதான். ஆகவேதான் ஒவ்வோர் இணைப்பையும் ஊடுகதிராலோ மீயொலியாலோ சோதிக்கின்றனர்.

வடிவமைப்போர் இரண்டை எடைபோடுகின்றனர்: சுமை எவ்வளவு மிகக்கூடும்? சுவரின் தடிப்பும் வட்டமும் பற்றும் எவ்வளவு குறைபடக்கூடும்? மிகுந்த சுமையும் குறைந்த வலிமையும் ஓரிடத்தில் சந்திக்கும் வாய்ப்பை மிகச் சிறிதாக்குவதே அவர்கள் பணி.

சுமை என்பது நீரின் அழுத்தம் மட்டுமன்று. 2005 ஜூலை 27-ஆம் நாள் மும்பை ஹையில் கப்பலொன்று மோதி, கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாய் சிதைந்தது. வாயு கசிந்து தீப்பற்றி 22 பேர் மாண்டனர். எனவே, குழாய் எவ்வளவு தடிப்பு என்று மட்டும் கேட்டு அமைதல் தகாது. அதன் மிக நலிந்த இடம் எது, அதன்மேல் எது வந்து மோதக்கூடும் என்றும் கேட்க வேண்டும்.