தேநீரின் நிறமும் அளவுகருவியின் முதுமையும்

மலையகத் தேயிலையின் தரத்தை மதிப்பிடுவதில் நிறத்துக்குச் சிறப்பான இடமுண்டு. நுவரெலியாத் தேநீர் வெளிறிய பொன்னிறமுடையது. ஹற்றன், தலவாக்கலைப் பகுதித் தேநீர் அதனினும் அடர்ந்தது. இவ்வேறுபாட்டைச் சுவைஞரின் நாவும் கண்ணும் நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்துள்ளன. கொழும்பில் 1883இல் தொடங்கிய ஏலமுறையும் அத்தீர்ப்பையே பெரிதும் சார்ந்து வளர்ந்தது.

இந்நிறத்தின் இரசாயன அடிப்படை பின்னரே தெளிவாயிற்று. நொதித்தல் என்று வழக்கில் கூறப்படும் ஒட்சியேற்றத்தின்போது பொன்மஞ்சள் நிறத் தியாபிளேவின்களும் செம்பழுப்பு நிறத் தியாரூபிஜின்களும் தோன்றுகின்றன. முன்னவை தேநீருக்குப் பளபளப்பையும் பின்னவை அடர்த்தியையும் அளிக்கின்றன. ரொபேட்ஸ், சிமித் ஆகியோர் 1963இல் வெளியிட்ட முறை, 380, 460 நானோமீற்றர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சப்படும் அளவைக்கொண்டு இவற்றைக் கணிக்கிறது. நிறம் இவ்வாறு எண்ணாக மாறியது.

ஆனால், எண்ணைத் தரும் நிறமாலை ஒளிமானியும் முதுமை அடைகிறது. தங்குதன் விளக்கின் இழை ஆவியாகிக் கண்ணாடியைக் கருமையாக்குகிறது. உள்ளேயுள்ள ஆடிகளில் தூசி படிகிறது. 380 நானோமீற்றரில் இவ்விளக்கின் ஒளி இயல்பிலேயே குறைவு. அது மேலும் குன்ற, பிற அலைநீளங்களிலிருந்து சிதறிவரும் அயல் ஒளியின் பங்கு உயர்கிறது.

நாள்தோறும் வெற்றுக் கரைசலை வைத்து முள்ளைச் சரிசெய்தால் போதாதா என்று கேட்கலாம். பிழை மறைவது அங்கேதான். அச்செயல் விளக்கின் மங்கலை ஈடுசெய்கிறது. அயல் ஒளியை அகற்றுவதில்லை. அயல் ஒளி 1 சதவீதமாயின், 1.0 ஆகவேண்டிய உறிஞ்சல் 0.96 ஆகவும், 2.0 ஆகவேண்டியது 1.70 ஆகவும் பதிவாகும். கரைசல் அடர அடரப் பிழை பெருகும். எப்போதும் குறைவான பக்கத்திலேயே நிற்கும். கணினித் திரையின் வண்ணத்தைச் சீராக்கும் அளவுமானிக்கும் இது பொருந்தும். வடிகட்டி மங்கிய அளவுமானி தன் பிழையைத் திரைக்கும் புகட்டிவிடும்.

ஆகவே, கருவியைக் கருவிக்குப் புறம்பான நியமங்களால் சோதித்தல் அவசியம். ஓல்மியம் கண்ணாடி 361, 460 நானோமீற்றர்களுக்கு அண்மையில் காட்டும் உச்சங்கள் அலைநீளத்தை உறுதிசெய்யும். பொட்டாசியம் இருகுரோமேற்றுக் கரைசல் உறிஞ்சல் அளவைச் சரிபார்க்கும். சோடியம் நைத்திரைற்றின் செறிந்த கரைசல் 380 நானோமீற்றர் ஒளியை ஏறத்தாழ முற்றாகத் தடுப்பதால், அதனூடே கருவி காட்டும் ஒளி அயல் ஒளியே. புதிய விளக்கு வாங்க இயலாதவிடத்தும் இச்சோதனைகளைச் செய்யலாம். கரைசலை ஐதாக்கி அளந்தும் பிழையைக் குறைக்கலாம்.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள மலைச்சாரலிலேயே கொழுந்து பறிக்கும் பெண்களும் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஆண்டு தியாபிளேவின் குறைகிறதென்று ஒரு பழைய கருவி கூறுமானால், முதிர்ந்த இலையைப் பறித்தார்கள் என்ற பழி அவர்கள்மீது எளிதில் விழக்கூடும். அப்பெண்களிடம் எதிர்வாதம் புரிய வேறொரு கருவி இல்லை. ஒளிமானியின் அளவுதிருத்தப் பதிவேட்டை எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய நிலை இருப்பின், அப்பழியின் நியாயத்தையும் சோதிக்கலாம். உழைப்பாளரின் கைகளைக் குறைகூறுமுன் கருவியின் வயதை விசாரிப்பதே முறையான விஞ்ஞானமாகும்.