நான்கில் ஒன்று ஊமையானால்

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. எனினும் பழைய வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. ஒன்றில் எரிதல் தவறினால் வண்டி குலுங்கும்; மேட்டில் திணறும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுமாதலால் தேய்மானமும் பெருகும். ஆகவே காலந்தாழ்த்தலாகாது.

பழுதுள்ள சிலிண்டரை அறிவது எளிது. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனை எஞ்சின் உலோகத்தைத் தொடுமாறு வைத்து, மீண்டும் இயக்க வேண்டும். ஓடும்போது கம்பியைத் தொடலாகாது, மின்னதிர்ச்சி நேரும். ஓட்டம் மேலும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நலமே. மாறுதல் இல்லையெனில் பழுது அங்கேதான். இவ்வாறே நான்கையும் சோதிக்க வேண்டும்.

பின்னர், எஞ்சின் ஆறியதும், அந்தப் பிளக்கை வேறொரு சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றுக. பழுதும் உடன் சென்றால் புதிய பிளக் போதும். செல்லாவிடில் கம்பியையும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும், இறுதியில் வால்வுகளையும் ஆராய்தல் வேண்டும்.